டிவிஷனில் இருக்கும் அந்த மூன்று பேர்: ஃபேன்டசி ஃபுட்பாலில் எதிரணிகளை எடைபோடுவது எப்படி?

செப்டம்பரின் முதல் திங்கள்கிழமை அமெரிக்காவில் லேபர் டே விடுமுறை. அதையொட்டிய நாட்களில்தான் பெரும்பாலான அலுவலக லீகுகளில் ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்ட் நடந்து முடியும். நிஜ ஆட்டக்காரர்களை ஒவ்வொருவரும் தன் கற்பனை அணிக்குச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் பாயின்ட், வாரம் ஒரு எதிராளியோடு மோதல். புதிதாகச் சேர்ந்தவர் அதன் பிறகு என்ன செய்வார்? கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் தன் அணியையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வருடம் நானும் அப்படித்தான். மற்ற பதினோரு பேருடைய அணிகளை நவம்பர் வரைக்கும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 14 ஆட்டங்களில் 9 தோல்வி.

அடுத்த வருடம் எங்கள் லீகின் கமிஷனர், அதாவது லீகை நடத்துகிற சக ஊழியர், ஒரு வேலை வைத்தார். ஒவ்வொருவரும் தன் டிவிஷனில் உள்ள எதிரணிகளைப் பற்றி ஒரு முன்னோட்டம் எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கேலிக்காகச் சொன்னதுதான். எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த ஆட்டமே எனக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த முன்னோட்டத்தை எப்படித் தயாரிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால், அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல். பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து ஃபேன்டசி ஆடுகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் ஒரு கூட்டல் கணக்கு

எங்களுடையது 12 அணிகள், 3 டிவிஷன்கள், டிவிஷனுக்கு 4 அணிகள். என்எஃப்எல்லில் ஒரே டிவிஷனில் உள்ள அணிகள் வருடத்துக்கு இரண்டு முறை மோதிக்கொள்ளும். அந்த வழக்கத்தையே ஃபேன்டசி லீகுகளும் எடுத்துக்கொண்டன. ஆகவே உங்கள் டிவிஷனின் மூன்று எதிரணிகளோடு தலா இரண்டு, மொத்தம் 6 ஆட்டம். மற்ற 8 அணிகளோடு தலா ஒன்று. 14 வாரம் முடிந்தது. 15, 16, 17-ஆம் வாரங்கள் பிளேஆஃப். என்எஃப்எல் 18 வாரம் நடந்தாலும், இடம் உறுதியான அணிகள் கடைசி வாரத்தில் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும் என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

அதாவது உங்கள் சீசனில் கிட்டத்தட்ட பாதி, மூன்றே மூன்று பேர் கையில் இருக்கிறது. பதினோரு பேரையும் அலச நேரமில்லை என்று கவலைப்பட வேண்டாம். இந்த மூன்று பேரை நன்றாகப் பாருங்கள், போதும்.

ட்ரீம்11 ஆடிப் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே கோலியை நீங்களும் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் எடுக்கலாம். இங்கே சின்சினாட்டியின் ஜமார் சேஸ் ஒருவரிடம் போய்விட்டால், மற்ற பதினோரு பேருக்கும் அந்த வருடம் அவர் கிடையாது. ஆள் பஞ்சம் உள்ள ஆட்டம் இது. எதிரணியின் ஓட்டையை அடைக்கக்கூடிய ஒரே ஆள் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். எதிரணி எடுக்கும் பாயின்ட்டை நாம் எந்த வகையிலும் தடுக்க முடியாது. கபடி மாதிரி காலைப் பிடித்து இழுக்க வழியில்லை. அவர்கள் பாயின்ட் அவர்களுக்கு, நம் பாயின்ட் நமக்கு. அப்படியென்றால் எதிரணியைப் படித்து என்ன லாபம்? மூன்று இடங்களில் லாபம் உண்டு. வெய்வரில், அதாவது யார் அணியிலும் இல்லாத ஆட்களிலிருந்து, யாரை எடுப்பது, யாரோடு என்ன ட்ரேட் (ஆள் மாற்றிக்கொள்வது) பேசுவது, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் துணிந்து ஆடுவதா நிதானமாக ஆடுவதா. நீங்கள் எழுதும் வரி இந்த மூன்றில் ஒன்றுக்காவது உதவவில்லை என்றால் அதை அடித்துவிடலாம்.

விதிகளைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

ஒவ்வொரு லீகும் ஒவ்வொரு மாதிரி. ஆப்பில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பந்தைப் பிடித்தாலே பாயின்ட் உண்டா, எத்தனை ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்), எத்தனை ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்) இறக்க வேண்டும், டிவிஷனில் முதலில் வருபவருக்கு பிளேஆஃப் இடம் உறுதியா, சமநிலை வந்தால் நேருக்கு நேர் முடிவா அல்லது மொத்தப் பாயின்ட்டா.

முதல் கேள்விதான் பெரியது. ஓடியோ பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1 பாயின்ட், டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) 6, இது பெரும்பாலான இடங்களில் பொது. பிபிஆர் லீகில் ஒவ்வொரு கேட்ச்சுக்கும் தனியாக 1 பாயின்ட் உண்டு. அரை பாயின்ட் தருகிற லீகும் இருக்கிறது, ஒன்றுமே தராத லீகும் இருக்கிறது. எட்டு முறை பந்தைப் பிடித்து 60 யார்டு மட்டும் போகிற ரிசீவர், பிபிஆரில் 14 பாயின்ட் ஆள். பழைய முறையில் வெறும் 6. இது தெரியாமல் எதிரணியின் ரிசீவர்களைக் கேலி செய்து எழுதிவிட்டால் கேலி உங்கள் பக்கமே திரும்பும்.

1963-இல் ஓக்லண்டில் எட்டு அணிகளோடு நடந்ததுதான் இந்த ஆட்டத்தின் முதல் டிராஃப்ட் என்பார்கள். ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. ரன்னிங் பேக் ஜிம் பிரவுனோ அந்த வருடம் 1,863 யார்டு ஓடினார். அவரை விட்டுவிட்டு இவரை எடுப்பதா, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பிளாண்டா பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காகவும் ஆடினார், பந்தை உதைக்கும் கிக்கராகவும் ஆடினார். இரண்டுக்கும் பாயின்ட் தருகிற லீகில் அவரை எடுத்தவரைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட முடியாது.

ஒரு அணிக்கு ஒரு தாள்

எதிரணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளோ, ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பக்கமோ ஒதுக்குங்கள். ஆரம்ப வரிசையில் இறங்கும் ஒன்பது இடங்களை எழுதுங்கள்: ஒரு குவார்ட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக், இரண்டு ரிசீவர், ஒரு டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்), ஒரு ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் இறக்கக்கூடிய இடம்), கிக்கர், டிஃபென்ஸ் (ஏதாவது ஒரு என்எஃப்எல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமாக). பெயர்களை நிரப்புங்கள். கிக்கரைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். அது மழை மாதிரி, வந்தால் வரும்.

புதியவர்கள் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். மேலே உள்ள இரண்டு மூன்று பெரிய பெயர்களைப் பார்த்ததும் பயம் வந்துவிடும், "அடேயப்பா, பயங்கரமான டீம்" என்று எழுதிவிடுவார்கள். பெரிய பெயர் எல்லா அணியிலும் இருக்கும், டிராஃப்டின் அமைப்பே அப்படி. முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். வித்தியாசம் தெரிவது கீழே. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இந்த ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இவர் இல்லை என்றால் அந்த இடத்தில் யார்?

2024-இல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் டிவிஷனில் ஒருவர் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை முதல் பிக்காக எடுத்திருந்தார். அந்த வருடம் பெரும்பாலான லீகுகளில் முதல் பெயர் அதுதான். முந்தைய சீசனில் ஓடியும் பிடித்தும் 2,023 யார்டு, 21 டச்டவுன். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அவர் தாளில் நான் எழுதியது: "மெக்காஃப்ரி இல்லை என்றால் யார்? யாரும் இல்லை." ஆகஸ்ட் பயிற்சி முகாமில் மெக்காஃப்ரிக்குக் கெண்டைக்காலில் வலி என்று செய்தி வந்துகொண்டிருந்தது. மாற்று ஆளான ஜோர்டன் மேசன் எங்கள் லீகில் யாரிடமும் இல்லை. சும்மா கிடந்தவரை எடுத்துப் பெஞ்சில் போட்டேன்.

அட்டவணையைப் பார்த்தால் முதல் வாரமே எனக்கும் அவருக்கும் ஆட்டம். மெக்காஃப்ரியின் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் ஆடியது செப்டம்பர் 9, திங்கள் இரவு, நியூயார்க் ஜெட்ஸோடு. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் முன்பு மெக்காஃப்ரி ஆடவில்லை என்று அறிவிப்பு வந்தது. எதிராளியின் பெஞ்சில் இருந்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடி முடித்துவிட்டார்கள். மாற்றி இறக்க ஆள் இல்லை, அந்த இடத்தில் முட்டை. மேசன் 28 முறை ஓடி 147 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார்.

இங்கே கதையை நிறுத்தினால் நான் பெரிய ஆள் மாதிரித் தெரியும். மறுநாள் காலையிலேயே அவர் மேசனைக் கேட்டு ட்ரேட் அனுப்பினார், நியாயமான விலைதான். எனக்குப் பேராசை. இன்னும் கூடக் கேட்டேன், அவர் மறுத்தார். மறுபடி கேட்டார், மறுபடி நான் இழுத்தேன். ஆறாம் வாரம் மேசனுக்குத் தோளில் அடி, அதோடு அவர் விலை சரிந்தது. மெக்காஃப்ரியும் பத்தாம் வாரம் திரும்பி வந்து, பதின்மூன்றாம் வாரம் பஃபலோ பனியில் முழங்காலில் அடிபட்டு, மொத்தம் நான்கு ஆட்டங்களோடு அந்த சீசனை முடித்துக்கொண்டார். ஆகவே தாளில் எதிரணியின் ஓட்டைக்குப் பக்கத்தில், அதை அடைக்க என்ன விலை கேட்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். அந்த விலை வந்ததும் கொடுத்துவிடுங்கள்.

மேசன் மாதிரியான மாற்று ரன்னிங் பேக்கை ஹேண்ட்கஃப் என்பார்கள். எதிரணியின் பெரிய ரன்னிங் பேக்குக்கு யார் ஹேண்ட்கஃப், அவர் இப்போது யாரிடம் இருக்கிறார் என்று மூன்று தாளிலும் குறியுங்கள். ரிசீவர்களுக்கு இது அவ்வளவாகச் செல்லாது. ஒரு ரிசீவர் விழுந்தால் அவருக்கு வர வேண்டிய பந்து மூன்று நான்கு பேருக்குச் சிதறிவிடும்.

தேதி போட்டுப் பாருங்கள்

முன்னோட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான், என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்ததும் இதுதான். என்எஃப்எல்லில் ஒவ்வொரு அணிக்கும் சீசன் நடுவில் ஒரு வாரம் ஓய்வு, பை வீக். ஐந்தாம் வாரம் தொடங்கிப் பதினான்காம் வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த வாரம் அந்த அணி ஆட்கள் யாரும் உங்களுக்குப் பாயின்ட் தர மாட்டார்கள். பை வீக் அட்டவணை மே மாதமே வெளியாகிவிடும், உங்கள் லீகின் அட்டவணை டிராஃப்ட் முடிந்ததும் ஆப்பில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

மூன்று எதிரணிகளோடு மோதும் ஆறு வாரங்களை எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே, அந்த வாரம் அவர்கள் அணியில் யார் யாருக்கு ஓய்வு என்று எழுதுங்கள். அவ்வளவுதான் வேலை, ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம்.

2024-இல் பன்னிரண்டாம் வாரம் ஆறு அணிகளுக்கு ஓய்வு: அட்லாண்டா, பஃபலோ, சின்சினாட்டி, ஜாக்சன்வில், நியூ ஆர்லியன்ஸ், ஜெட்ஸ். அதாவது பிஜான் ராபின்சன், ஜாஷ் ஆலன், ஜோ பர்ரோ, ஜமார் சேஸ் எல்லோரும் ஒரே வாரத்தில் வீட்டில். பதினான்காம் வாரம் இன்னொரு ஆறு: பால்டிமோர், டென்வர், ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், நியூ இங்கிலாந்து, வாஷிங்டன். லமார் ஜாக்சன், டெரிக் ஹென்றி, நிக்கோ காலின்ஸ், ஜோனதன் டெய்லர், ஜெய்டன் டேனியல்ஸ் யாரும் இல்லை. எங்கள் மாதிரி லீகுகளில் பதினான்காம் வாரம்தான் பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி ஆட்டம்.

எங்கள் டிவிஷனில் இன்னொருவரிடம் ஹென்றியும் இருந்தார், காலின்ஸும் இருந்தார், குவார்ட்டர்பேக் டேனியல்ஸ். அந்த வருடம் ஹென்றி 1,921 யார்டு ஓடினார். அந்த அணியைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவரோடு எனக்கு இரண்டாவது ஆட்டம் பதினான்காம் வாரம். செப்டம்பர் முதல் வாரமே தாளில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அக்டோபரில் இரண்டு தோல்வி அடுத்தடுத்து வந்து பதறிப்போய் நல்ல ஆட்களை விற்கப் போனபோது, அந்த வட்டம்தான் என்னைக் கொஞ்சம் நிதானப்படுத்தியது.

ஆனால் இதை வைத்து டிராஃப்டையே மாற்றிவிடாதீர்கள். பை வீக்குக்காக நல்ல ஆளை விட்டு சுமாரான ஆளை எடுப்பது, மாதத்தில் ஒரு நாள் அமாவாசை என்பதற்காகக் கடையையே மூடுவது மாதிரி. டிராஃப்ட் முடிந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம் இது. உங்கள் அணியின் ஓய்வு வாரங்களையும் அதே தாளில் எழுதுங்கள். எதிராளியும் வட்டம் போட்டிருக்கக்கூடும்.

அணியை நடத்துபவர் யார்?

ஆட்கள் வருடா வருடம் மாறுவார்கள், அணியை நடத்துகிறவர் மாறுவதில்லை. ஆப்பில் டிராஃப்ட் பதிவும் ஆட்களைச் சேர்த்த, நீக்கிய பதிவும் பழைய வருடங்களுக்கும் இருக்கும். யாரும் மறைத்து வைப்பதில்லை, யாரும் படிப்பதும் இல்லை.

அதில் பார்க்க வேண்டியவை: உள்ளூர் அணி ஆட்களுக்கு அவர் ஒரு சுற்று முன்னாடியே போகிறாரா? நியூஜெர்சி, பிலடெல்பியா பக்கத்து லீகுகளில் ஈகிள்ஸ் ஆட்களின் விலை எப்போதும் கொஞ்சம் தூக்கல். அப்படிப்பட்டவரிடம் ஈகிள்ஸ் ஆளை விற்கலாம், அவரிடமிருந்து வாங்கப் போகக் கூடாது. வெய்வரில் ஏலத்துக்கு நூறு டாலர் விளையாட்டுப் பணம் தருகிற லீக் என்றால், அவர் அதை முதல் மூன்று வாரத்தில் கரைக்கிறவரா, டிசம்பர் வரை முடிச்சுப் போட்டு வைக்கிறவரா? இரண்டு தோல்விக்குப் பிறகு கையில் கிடைத்தவரை எல்லாம் ட்ரேடுக்குப் போடுகிறாரா? பை வீக்கில் இருக்கிற ஆளையே வரிசையில் விட்டுவிட்டு மறந்திருக்கிறாரா? இந்தக் கடைசித் தவறு ஒரு வருடத்தில் இரண்டு முறை நடந்திருந்தால், அக்டோபருக்குப் பிறகு அவருக்கு ஆர்வம் போய்விடுகிறது என்று தாராளமாக எழுதலாம். அவரோடு இரண்டாவது ஆட்டம் நவம்பரில் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

எங்கள் டிவிஷனின் மூன்றாவது ஆள் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மா, ஓய்வுபெறும் வயது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எதையும் பார்ப்பதில்லை, தோட்ட வேலை செய்வார். டிராஃப்டில் எடுக்கும் ஆட்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு முறை லீகை ஜெயித்திருக்கிறார். அவருடைய பதிவைப் பார்த்த பிறகுதான் ரகசியம் தெரிந்தது: மூன்று சீசனில் ஒரு செவ்வாய் இரவுகூட அவர் வெய்வருக்கு விண்ணப்பம் போடாமல் விட்டதில்லை. அவர் தாளில் இன்று யார் இருக்கிறார்கள் என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. நவம்பரில் அது வேறு அணியாக இருக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 ஆகஸ்டில் "டிவிஷனிலேயே மோசமான ரிசீவர் கூட்டம்" என்று அவர் அணியைப் பற்றி எழுதினேன். முதல் வாரம் ராம்ஸ் அணியின் புதுமுகம் பூக்கா நக்கூவா 10 கேட்ச், 119 யார்டு. என்எஃப்எல் அணிகளின் டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் வந்த பையன், எங்கள் லீகில் யாரும் டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. செவ்வாய் இரவு அந்த அம்மா பாதிப் பணத்தைக் கட்டி எடுத்தார். இரண்டாம் வாரம் 15 கேட்ச், 147 யார்டு. சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டும் அப்போது புதுமுகங்களுக்கான சாதனை. என் வரியை அச்செடுத்துத் தன் மேசையில் ஒட்டி வைத்திருந்தார்.

ஜோடி இருக்கிறதா?

ஒரே என்எஃப்எல் அணியின் குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் ஒருவரிடமே இருந்தால் அதற்கு ஸ்டாக் என்று பெயர். எறிகிறவருக்கும் பாயின்ட், பிடிக்கிறவருக்கும் பாயின்ட். பர்ரோ 70 யார்டு எறிந்து சேஸ் டச்டவுன் போட்டால், எறிந்தவருக்கு 25 யார்டுக்கு 1 வீதம் 2.8, டச்டவுனுக்கு 4. பிடித்தவருக்கு யார்டுக்கு 7, டச்டவுனுக்கு 6, கேட்ச்சுக்கு 1. ஒரே பந்தில் 20.8. 2024 நவம்பர் 7, வியாழன் இரவு, பால்டிமோருக்கு எதிராக சேஸ் 11 கேட்ச், 264 யார்டு, 3 டச்டவுன் எடுத்தார். பிபிஆரில் அது 55.4. பர்ரோ 428 யார்டு, 4 டச்டவுன். வேடிக்கை என்னவென்றால் சின்சினாட்டி அந்த ஆட்டத்தில் 35–34 என்று தோற்றது. ஃபேன்டசியில் அவர்கள் இருவரையும் வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமை காலையே ஜெயித்துவிட்டார்.

ஸ்டாக் வைத்திருக்கும் எதிரணி ஒரு வாரம் மலை, ஒரு வாரம் மடு. எதிர்கொள்ளும் வழி ஒன்றுதான். உங்கள் அணி பலமானது என்றால் வாரா வாரம் 12, 13 எடுக்கிற நிதானமான ஆட்களை இறக்குங்கள். பலவீனம் என்றால் 3 எடுப்பாரா 25 எடுப்பாரா என்று தெரியாத ஆளை ஃப்ளெக்ஸில் தள்ளிப் பாருங்கள். எப்படியும் தோற்கப்போகிற இடத்தில் நிதானத்துக்கு வேலை இல்லை.

நான்கு வாரத்துக்குப் பிறகு

ஆகஸ்ட் முன்னோட்டம் ஐந்தாம் வாரம் வரைதான் செல்லுபடியாகும். பிறகு திருத்த வேண்டும். அப்போது வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான்குக்கு நான்கு ஜெயித்தவர் எதிராளிகள் சொதப்பிய வாரங்களாகப் பார்த்து மாட்டியிருக்கலாம்.

அதற்கு ஒரு எளிய கணக்கு. ஒவ்வொரு வாரமும் அவர் எடுத்த பாயின்ட்டை மற்ற பதினோரு பேரின் பாயின்ட்டோடும் ஒப்பிடுங்கள். எத்தனை பேரை ஜெயித்திருப்பார்? நான்கு வாரத்துக்கு 44 ஒப்பீடு. நான்கும் ஜெயித்தவருக்கு இந்தக் கணக்கில் 18 வெற்றி, 26 தோல்வி என்று வந்தால், அவருடைய அணி சராசரிக்குக் கீழே, ஜாதகம்தான் நன்றாக இருக்கிறது. அவரிடம் ட்ரேட் பேச இது சரியான நேரம் இல்லை, ஏனென்றால் தன் அணியைத் தொட அவருக்கு மனம் வராது, தொட்டாலும் தன் ஆட்களுக்கு அதிக விலை இருப்பதாக நினைப்பார். மாறாக, ஒன்று ஜெயித்து மூன்று தோற்றவருக்கு இந்தக் கணக்கில் 28 வெற்றி என்றால் அவருக்கு ஒரு நல்ல ஆளைக்கூட விற்காதீர்கள். அவர் எழுந்து வரப்போகிறவர்.

டிவிஷனுக்குள் ட்ரேடே செய்யக் கூடாது என்று சிலர் கொள்கை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலை நியாயமாக இருந்தால் செய்யலாம், ஆனால் அவரோடு இரண்டு ஆட்டமும் முடிந்த பிறகு செய்தால் இன்னும் நல்லது. அதேபோல், எதிரணிக்குத் தேவைப்படும் ஆளை நமக்குத் தேவையில்லாமலே வெய்வரில் எடுத்து அடைத்துவைப்பது முறைதான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெஞ்சில் இருப்பது ஆறு ஏழு இடம். அக்டோபரில் அதைச் செய்வது வீண். பதின்மூன்று, பதினான்காம் வாரத்தில், எதிரணியின் குவார்ட்டர்பேக் ஓய்வில் இருக்கும்போது, மிச்சமிருக்கும் ஒரே உருப்படியான குவார்ட்டர்பேக்கை எடுத்துவிடுவது வேறு விஷயம்.

எழுதும்போது

தாளில் இருப்பது எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பாதீர்கள். வட்டம் போட்ட தேதிகளும் ட்ரேட் விலைகளும் உங்களோடு இருக்கட்டும். வெளியே போக வேண்டியது ஒவ்வொரு அணிக்கும் ஒரு பத்தி: அந்த அணியின் உண்மையான பலம் ஒன்று, ஓட்டை ஒன்று, தப்பாகப் போகக்கூடிய ஒரு துணிச்சலான கணிப்பு. "இவர் 6 முதல் 9 ஆட்டம் ஜெயிப்பார்" என்பது கணிப்பு இல்லை, வழுக்கல். "பத்தாம் வாரத்துக்குள் இவர் தன் இரண்டாம் சுற்று ஆளை விற்றுவிடுவார்" என்று எழுதுங்கள், குழு முழுக்க நவம்பர் வரை அதைப் பற்றியே பேசும்.

அணியைக் கேலி செய்யுங்கள், ஆளை வேண்டாம். மேலதிகாரியும் அதே லீகில் இருப்பார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. அடிபட்ட ஆட்டக்காரர்களை வைத்தும் சிரிப்பு வேண்டாம். 2023 ஜனவரி 2 அன்று பஃபலோவின் டமார் ஹாம்லின் களத்திலேயே இதயம் நின்று விழுந்தார். பல லீகுகளுக்கு அது இறுதி ஆட்ட இரவு. ஆட்டம் பாதியில் நின்று ரத்தானது. நல்லவேளையாக அவர் பிழைத்தார். எங்கள் இறுதி ஆட்டத்தில் மோதிய இருவரும் கோப்பையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அன்றிரவே சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக உங்கள் அணிக்கும் அதே தாளை நிரப்புங்கள், அதே கேள்விகள், அதே கடுமை. சொந்தப் பிள்ளை பாடினால் ஸ்ருதி தப்புவது காதில் விழாது. முடிந்தால் இதை எதிரணிக்காரர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். என் அணிக்கு அந்தக் கணக்குப் பிரிவு அம்மா எழுதினார்: "இவர் ஆகஸ்டில் நன்றாக எழுதுவார்." அவ்வளவுதான், ஒரே வரி.

ஆட்ட நாளுக்கு ஒரு சில்லறை விஷயம் பாக்கி. ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்பு வரும். அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் ஒரு மணி ஆட்டத்துக்குக் காலை 11:30. மூன்று எதிரணி ஆட்களில் யார் பெயர் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது என்று சனிக்கிழமை இரவே பார்த்துவையுங்கள். உங்கள் அணியில் திங்கள் இரவு ஆடுகிறவரை எப்போதும் ஃப்ளெக்ஸ் இடத்தில் வையுங்கள். அவர் ஆடவில்லை என்று தெரிந்தால், திங்கள் இரவு ஆடும் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் அங்கே இறக்கலாம். அப்படி ஒருவரைப் பெஞ்சில் வைத்திருந்தால்தான். மெக்காஃப்ரியை வைத்திருந்தவர் இப்போது ஒவ்வொரு வாரமும் வைத்திருக்கிறார், பார்த்தேன். அவர் தாளில் அந்த ஓட்டையை அடித்துவிட்டேன்.